ஒவ்வாமை மூக்கில் அழற்சியை அளப்பது எப்படி?

தோல் குத்துப் பரிசோதனையில் தூசிப்பூச்சிக்குத் தடிப்பு எழும்பினால், அந்த உடல் தூசிப்பூச்சியை எதிரியாகப் பதிந்து வைத்திருக்கிறது என்று தெரியும். இரத்தத்தில் அதற்கான ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்பொருள் இருந்தாலும் அதே செய்திதான். ஆனால் இன்று காலை அந்த மூக்கின் உள்ளே எவ்வளவு வீக்கம், எத்தனை ஈசினோஃபில் (ஒவ்வாமை அழற்சியில் வந்து சேரும் வெள்ளையணு), எவ்வளவு கசிவு என்பதை இரண்டுமே சொல்லாது. தடிப்பு உள்ள பலருக்கு மூக்கில் ஒரு தொந்தரவும் இருப்பதில்லை. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவோ, இரு சிகிச்சைகளை ஒப்பிடவோ மூக்கையேதான் அளக்க வேண்டும்.

மருத்துவமனையிலும் ஆய்வுக்கூடத்திலும் இந்த வேலையைச் செய்பவர்களுக்கான வழிகாட்டி இது. மதிப்பெண், மூச்சு வேகம் பற்றிய பகுதிகள் நோயாளி வீட்டில் செய்துகொள்ளவும் உதவும்.

முதலில் கேள்வி, பிறகு கருவி

மூக்கழற்சியை நான்கு மட்டங்களில் அளக்கலாம். ஆள் என்ன உணர்கிறார், காற்று எவ்வளவு போகிறது, எந்த அணுக்கள் வந்து சேர்ந்திருக்கின்றன, சுரப்பில் என்ன மூலக்கூறுகள் கலந்திருக்கின்றன என்று. இந்த நான்கும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் என்று எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை அரிப்பையும் தும்மலையும் சில மணி நேரத்தில் அடக்கிவிடும். ஈசினோஃபில் அங்கேயேதான் இருக்கும். அறிகுறி எதுவும் இல்லாதபோதுகூட, ஒவ்வாமைப் பொருள் சிறிதளவு தொடர்ந்து மூக்கில் படுபவர்களின் சளிச்சவ்வில் அழற்சி அணுக்கள் குறைந்த அளவில் தங்கியிருக்கும். அதனால் ‘அழற்சி குறைந்ததா?’ என்ற கேள்வியை மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. ‘இவர் நிம்மதியாக இருக்கிறாரா?’ என்பதை ஈசினோஃபில் எண்ணிக்கை சொல்லாது.

நடைமுறையில், சிகிச்சையைக் கண்காணிக்க மதிப்பெண்ணும் மூச்சு வேகமும் போதும். நோய் எந்த வகை என்ற சந்தேகம் இருந்தால் அணுக்களைப் பார்க்க வேண்டும். அழற்சி எப்படி நடக்கிறது என்பதே கேள்வியானால் சுரப்பை எடுத்தாக வேண்டும்.

அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரம்

வெளியிலிருந்து வந்தவரை உடனே அளக்காதீர்கள். அறை வெப்பநிலையில் 20 முதல் 30 நிமிடம் உட்கார வையுங்கள். குளிர்காற்று மூக்கை அடைக்கும். மாடிப்படி ஏறினால் மூக்கு திறக்கும். படுத்தால் மறுபடி அடைக்கும். இந்த மூன்றும் அழற்சி இல்லாதவருக்கும் நடப்பவை.

மூக்குச் சுழற்சியையும் மறக்கக் கூடாது. ஒரு பக்கச் சவ்வு வீங்கும்போது மறுபக்கம் சுருங்கும்; சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாறும். ஒரு நாசியை மட்டும் அளந்து, அடுத்த வாரம் அதே நாசியை மீண்டும் அளந்தால், நீங்கள் பார்த்த மாற்றம் இந்தச் சுழற்சியாகவே இருக்கலாம். எப்போதும் இரு பக்கமும் அளந்து சேர்த்துப் பாருங்கள். ஒவ்வாமை மூக்கில் காலையில் தொந்தரவு கூடுதல் என்பதால், ஒருவரை ஒவ்வொரு முறையும் ஒரே மணிக்கு வரச் சொல்லுங்கள்.

மருந்துகளைக் கேட்டு எழுதுங்கள்: பெயர், அளவு, கடைசியாக எடுத்த நேரம். மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு வந்தவரின் மூச்சு வேகத்தை அளந்து பயனில்லை. சமீபத்தில் சளி, காய்ச்சல் வந்ததா என்பதும் முக்கியம். வைரஸ் தொற்று, நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களையும் கசிவையும் ஏற்றிவிடும். அடங்கச் சில வாரம் ஆகும்.

மதிப்பெண்

மூக்கொழுகல், மூக்கடைப்பு, அரிப்பு, தும்மல் நான்கிற்கும் 0 முதல் 3 வரை போடச் சொல்வது பரவலான முறை. 0 என்றால் இல்லை. 1 இருக்கிறது, ஆனால் தொந்தரவில்லை. 2 தொந்தரவு, ஆனால் தாங்கலாம். 3 என்றால் வேலையையோ தூக்கத்தையோ கெடுக்கிறது. மொத்தம் 12. கடந்த 12 மணி நேரம் எப்படி இருந்தது என்று கேட்பதும், இந்த நிமிடம் எப்படி இருக்கிறது என்று கேட்பதும் இரண்டு வெவ்வேறு அளவுகள். முன்னது நாள் முழுவதற்குமான மருந்துப் பலனையும், பின்னது அடுத்த வேளை மருந்து வரை பலன் நீடிக்கிறதா என்பதையும் காட்டும். ஒரே அட்டவணையில் இரண்டையும் கலந்து போட்டால் எதற்கும் உதவாது.

இன்னும் எளிதாக வேண்டுமானால் 100 மி.மீ. கோடு ஒன்று வரைந்து, ஒரு முனையில் ‘தொந்தரவே இல்லை’, மறு முனையில் ‘தாங்கவே முடியவில்லை’ என்று எழுதி, கோட்டின் மேல் குறுக்காக ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஸ்கேலால் அளந்தால் 50 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்பது நோய் கட்டுக்குள் இல்லை என்பதன் அடையாளமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. தாளை நகலெடுக்கும்போது கோட்டின் நீளம் மாறிவிடும். அச்சிட்ட பிறகு ஒருமுறை அளந்து பாருங்கள்.

மூக்கு வழி உள்மூச்சின் உச்ச வேகம்

முகமூடி இணைத்த ஒரு சிறிய குழாய், உள்ளே நகரும் ஒரு குறிமுள், கருவி அவ்வளவுதான். மூக்கு வழியாக வேகமாக இழுக்கும்போது காற்று நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேகத்தைத் தொடுகிறது என்று காட்டும். விலை உயர்ந்த கருவிகள் எத்தனை இருந்தாலும், தினமும் அளக்க இதைவிட உகந்தது இல்லை என்பது எங்கள் முடிவு.

மெதுவாக மூக்கைச் சிந்தச் சொல்லுங்கள். குறிமுள்ளைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுவந்து, கருவியைக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும். முகமூடி மூக்கையும் வாயையும் சேர்த்து மூட வேண்டும்; விளிம்பில் காற்று கசியக் கூடாது, நாசி மடலை அழுத்தவும் கூடாது. நுரையீரலில் இருப்பதை முழுதாக வெளியே விட்டு, வாயை இறுக மூடி, மூக்கு வழியாக ஒரே இழுப்பில் முடிந்தவரை வேகமாக உள்ளிழுக்க வேண்டும். மூன்று முறை செய்து அதிக அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். உயர்ந்த இரண்டு அளவுகளுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இன்னும் இரண்டு முறை இழுக்கச் சொல்லுங்கள்.

எங்கே தவறும்? முதல் நாளைவிட மூன்றாம் நாள் அளவு கூடுவது பெரும்பாலும் பழக்கத்தால். அதனால் மருந்து தொடங்கும் முன்பே சில நாள் பயிற்சி கொடுத்துவிடுங்கள். வாய் சற்றுத் திறந்திருந்தால் அளவு பொய்யாக ஏறும்; பக்கத்தில் நின்று உதட்டைப் பாருங்கள், முகமூடி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் இருப்பது இதற்காகத்தான். சிலருக்கு வேகமாக இழுக்கும்போது நாசி மடல் உள்ளே ஒட்டிக்கொண்டு காற்றை நிறுத்திவிடும். அப்போது நீங்கள் அளப்பது சவ்வின் வீக்கத்தை அல்ல. ஆஸ்துமா உள்ளவருக்கு நுரையீரலே வேகத்தைக் குறைக்கும் என்பதால், வாய் வழி உச்ச வேகத்தையும் கூடவே அளந்து எழுதுங்கள்.

ஆளுக்கு ஆள் உயரம், வயது, மூக்கின் வடிவம் என்று அளவு வெகுவாக மாறும். ஆகவே ஒருவரின் 110-ஐ இன்னொருவரின் 140-உடன் ஒப்பிட வேண்டாம். அவருடைய சொந்தத் தொடக்க அளவோடு ஒப்பிடுங்கள். ஒரே ஆளிடம் நிமிடத்துக்கு 20 லிட்டர் மாற்றம் என்பது கவனிக்கத் தக்கது. 5 லிட்டர் ஏற்ற இறக்கத்துக்கு அர்த்தம் தேட வேண்டாம்.

அடைப்பு வீக்கத்தால் வந்ததா, வளைந்த நடுச்சுவரால் வந்ததா என்று பிரிக்க ஒரு வழி உண்டு. அளந்த பிறகு மூக்கடைப்பு நீக்கும் ஸ்பிரேயை ஒரே ஒரு முறை அடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளங்கள். வேகம் நன்றாக ஏறினால் சவ்வு வீங்கியிருந்தது. அசையவே இல்லையென்றால் எலும்பு, குருத்தெலும்பு அமைப்பைச் சந்தேகியுங்கள்.

சுரண்டி எடுத்து அணுக்களைப் பார்ப்பது

சிந்திய சளியில் செத்த அணுக்களும் நியூட்ரோஃபில்களும்தான் மிகுதி. சவ்வில் என்ன நடக்கிறது என்று தெரிய, கீழ் டர்பினேட்டின் (நாசியின் பக்கச் சுவரில் சவ்வு போர்த்திய மேடு) நடுப்பகுதியிலிருந்து சுரண்டி எடுக்க வேண்டும். இதற்கென நுனியில் சிறு கிண்ணம் உள்ள, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் குச்சி கிடைக்கிறது. நாசித் திறப்பியால் திறந்து, வெளிச்சத்தில் டர்பினேட்டைக் கண்ணால் பார்த்து, கிண்ணத்தைச் சவ்வின் மேல் வைத்து வெளிநோக்கி இரண்டு மூன்று முறை மென்மையாக இழுங்கள். மரத்துப்போகும் மருந்து தேவையில்லை. கண்ணில் நீர் வரும், ஒரு தும்மல் வரலாம், முன்பே சொல்லிவிடுங்கள். ரத்தம் வந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள்: ரத்தத்தோடு வந்த ஈசினோஃபிலையும் சவ்விலிருந்த ஈசினோஃபிலையும் பிரித்தறிய முடியாது.

எடுத்ததைச் ஸ்லைடின் நடுவில் ஒரு நகத்தளவு இடத்தில் மெல்லிய படலமாகத் தேயுங்கள். பெரும்பாலான ஸ்லைடுகள் கெடுவது இந்த இடத்தில்தான். தடித்த இடத்தில் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து, சாயம் ஏறாமல், எண்ண முடியாத நீலத் திட்டாக நிற்கும். அழுத்தித் தேய்த்தாலோ அணுக்கள் உடைந்து கருக்கள் நூல் நூலாக இழுபட்டிருக்கும். காற்றில் உலர விட்டு, மே-க்ருன்வால்டு கீம்சா சாயம் ஏற்றுங்கள். கரைசலின் பிஹெச் 6.8 அருகில் இருக்க வேண்டும். அமிலமாகிவிட்டால் எல்லாமே சிவந்து, நியூட்ரோஃபிலைக்கூட ஈசினோஃபில் என்று எண்ணிவிடுவீர்கள்.

எண்ணெய் லென்ஸில், 1000 மடங்கு பெருக்கத்தில், 50 புலங்களை எண்ணுங்கள். ஈசினோஃபிலுக்கு இரண்டு மடலாகப் பிரிந்த கரு. சுற்றிலும் ஆரஞ்சு கலந்த சிவப்பில் பருத்த மணிகள். ஹிஸ்டமினைச் சேர்த்து வைத்திருக்கும் மாஸ்ட் செல்லில் கருநீல ஊதா மணிகள் கருவையே மறைக்கும் அளவுக்கு அடைந்திருக்கும். ஆரோக்கியமான மூக்கில் தெரிபவை குற்றிழை அணுக்களும் சளி சுரக்கும் கிண்ண அணுக்களும் சில நியூட்ரோஃபில்களும்தான். ஈசினோஃபிலும் மாஸ்ட் செல்லும் அநேகமாக இருக்காது.

சில புலங்களில் முழு அணு எதுவும் இல்லாமல், சிவப்பு மணிகள் மட்டும் மணல்போலச் சிதறிக் கிடக்கும். அது அழுக்கல்ல, வெடித்துக் கொட்டிய ஈசினோஃபில். முழு அணுக்களை மட்டும் எண்ணிக்கொண்டு போனால், அழற்சி உச்சத்தில் இருக்கும் மூக்கைத்தான் ‘லேசானது’ என்று எழுதுவீர்கள். தனி மணிகளுக்கு என்று ஒரு கட்டம் வைத்து, இல்லை, சில, நிறைய என்றாவது குறியுங்கள்.

ஈசினோஃபில் தெரிந்தவுடன் ஒவ்வாமை என்று எழுதிவிட வேண்டாம். தோல் பரிசோதனையிலும் இரத்தத்திலும் எதுவும் இல்லாமல், ஈசினோஃபில் மட்டும் 20 சதவீதத்துக்கு மேல் காணப்படும் ஒவ்வாமை சாரா வகை ஒன்று உண்டு. மூக்குப் பாலிப் உள்ளவர்களிடமும் அது ஏறும்.

கழுவுநீர்

சுரப்பில் உள்ள மூலக்கூறுகளை எடுக்க எளிய வழி, சலைன் என்ற உப்புநீர் விட்டுக் கழுவுவது. 0.9 சதவீத சலைனை 37 டிகிரிக்குச் சூடாக்குங்கள். குளிர்ந்த நீரே சவ்வைத் தூண்டிச் சுரக்கவைத்துவிடும். ஆளை உட்கார வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மெல்லண்ணத்தை மேலே தூக்கித் தொண்டையை அடைக்கச் சொல்லுங்கள். ‘க்’ என்று சொல்லப்போகும் நிலையில் அப்படியே நிறுத்துவது போல என்று விளக்கினால் பலருக்குப் பிடிபடும். ஊசியில்லாத சிரிஞ்சால் ஒவ்வொரு நாசியிலும் 5 மி.லி. மெதுவாக விடுங்கள். 10 விநாடி மூச்சை நிறுத்தி, விழுங்காமல் வைத்திருந்து, முன்னால் குனிந்து கிண்ணத்தில் விடச் சொல்லுங்கள். சாயாமல், முன்னே குனிந்த நிலையில் நாசியை அடைத்து நீரை உள்ளே தேக்கிவைக்கும் அமுக்குக் கருவியும் உண்டு. தொண்டைக்குள் இறங்குவது அதில் குறைவு.

திரும்பி வந்த அளவைக் கட்டாயம் அளந்து எழுதுங்கள். 10 மி.லி. விட்டதில் பாதிகூட வராவிட்டால், மீதியை விழுங்கிவிட்டார் என்று பொருள். அந்த மாதிரியை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. உடனே இன்னொரு முறை கழுவி ஈடுகட்ட நினைக்காதீர்கள். முதல் கழுவலே இருந்ததை அள்ளிப் போய்விட்டது, இரண்டாவதில் எல்லாம் குறைவாகத்தான் தெரியும்.

மாதிரியைப் பனிக்கட்டியில் வையுங்கள். வெளியே அரை நாள் கிடந்தால் ஈசினோஃபில்கள் தாமாகவே உடைந்து, உள்ளிருக்கும் ஈசிபி புரதத்தைக் கொட்டும். அதைத்தான் பிறகு அழற்சி என்று அளப்பீர்கள். 4 டிகிரியில் 10 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் படிந்த அணுக்களை ஸ்லைடுக்கும், மேல் நீரைச் சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரிக்கும் அனுப்புங்கள். ஒரே பெரிய குப்பியாக உறைய வைத்தால், ஒவ்வொரு சோதனைக்கும் உருக்கி உறைய வைக்கும்போது புரதங்கள் சிதையும். சளிக்கட்டியைக் கரைக்க டைதயோத்ரெய்டால் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அது புரதங்களின் கந்தகப் பிணைப்பையும் அறுக்கும், சில சைட்டோகைன்கள் (அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திப் புரதங்கள்), எதிர்பொருளைக் கொண்டு புரதத்தை அளக்கும் எலைசா சோதனையில் தெரியாமலே போய்விடும்.

கழுவுநீரின் பெரிய குறை, நீர்த்தல். 10 மி.லி. சலைனில் சுரப்பு 0.1 மி.லி. கலந்ததா 0.5 மி.லி. கலந்ததா என்று நமக்குத் தெரியாது. மூக்கு கொட்டும் நாளில் சுரப்பு அதிகம், அடைத்திருக்கும் நாளில் குறைவு. ஐஎல்-5 போன்ற சைட்டோகைன்கள் ஏற்கனவே மிகக் குறைந்த அளவில் இருப்பவை. நூறு மடங்கு நீர்த்தால் கருவியின் எல்லைக்குக் கீழே போய்விடும். இரத்தத்திலும் சுரப்பிலும் ஏறக்குறைய ஒரே செறிவில் இருக்கும் யூரியாவை அளந்து திருத்தலாம். மொத்தப் புரதத்தால் வகுப்பது நல்ல வழியல்ல. அழற்சியில் இரத்தப் புரதமே கசிந்து வருவதால், அளக்க வந்ததையே வகுத்துக் கழித்துவிடுவீர்கள்.

உறிஞ்சு பட்டை

நீர்த்தாத சுரப்பு வேண்டுமானால் பட்டைதான். புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாத செயற்கை இழையில், சுமார் 7 மி.மீ. அகலமும் 35 மி.மீ. நீளமும் உள்ள பட்டையை, கண்ணால் பார்த்தபடி கீழ் டர்பினேட்டின் மேல் படிய வைத்து, வெளியிலிருந்து விரலால் நாசி மடலை அழுத்தி 60 விநாடி பிடியுங்கள். நேரத்தைக் கடிகாரம் வைத்து எண்ணுங்கள். நேரம் நீள நீள, பட்டையின் உறுத்தலே புதிதாகச் சுரக்க வைக்கும்.

எடையில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. உலர்ந்த பட்டையும் மூடிய குழாயும் சேர்த்து 1.250 கிராம், எடுத்த பிறகு 1.310 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 60 மி.கி.; அதாவது சுமார் 60 மைக்ரோ லிட்டர் சுரப்பு. அதில் 300 மைக்ரோ லிட்டர் கரைசல் சேர்த்துச் சுற்றி எடுத்தால் மொத்தம் 360, எனவே நீர்த்தல் 6 மடங்கு. கருவி காட்டுவதை 6-ஆல் பெருக்கினால் மூக்கில் இருந்த செறிவு. குழாயை மூடாமல் இரண்டு நிமிடம் மேசையில் வைத்தால் சில மில்லிகிராம் ஆவியாகிக் கணக்கு கெடும். பட்டையை எடுத்த கையோடு மூடுங்கள், அடுத்த பட்டையை அப்புறம் பாருங்கள்.

கரைசலில் மாட்டு ஆல்புமின் சேர்ப்பது வழக்கம், புரதங்கள் இழையில் ஒட்டாமல் காக்க. ஆனால் அதே மாதிரியில் மொத்தப் புரதத்தையும் அளக்கத் திட்டமிட்டிருந்தால் அந்த எண் வீண். புதிய வகைப் பட்டை வாங்கினால், முதலில் தெரிந்த அளவு சைட்டோகைனை அதில் விட்டு எவ்வளவு திரும்ப வருகிறது என்று பாருங்கள். பஞ்சும் சாதாரண வடிதாளும் சில புரதங்களை விடவே விடாது.

எந்த நேரத்தில் எடுப்பது

ஒவ்வாமைப் பொருளை மூக்கில் தெளித்துத் தூண்டிப் பார்க்கும் சோதனையில் நேரம்தான் எல்லாம். மாஸ்ட் செல் உடைந்ததைக் காட்டும் டிரிப்டேஸ் நொதியும் பிஜிடி2 என்ற மூலக்கூறும் முதல் 5 முதல் 15 நிமிடத்தில் உச்சம் தொட்டு, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். ஐஎல்-5, ஈசினோஃபில், ஈசிபி எல்லாம் 6 முதல் 24 மணி நேரத்தில் வருபவை. ஒரு மணிக்கு ஒரே ஒரு மாதிரி எடுத்தால் இரண்டு அலைகளையும் தவறவிட்டு, ‘ஒன்றுமில்லை’ என்று எழுதுவீர்கள். தூண்டலுக்கு முன், 5 நிமிடம், 30 நிமிடம், பிறகு 6, 24 மணி என்பது குறைந்தபட்ச அட்டவணை. ஹிஸ்டமினைத் தனியாக நம்ப வேண்டாம். தொடக்க அளவே ஏற்ற இறக்கமானது, மூக்கிலுள்ள சில பாக்டீரியாவும் அதைத் தயாரிக்கும்.

முதலில் ஒவ்வாமைப் பொருள் கலக்காத வெறும் கரைசலைத் தெளித்து 10 நிமிடம் பாருங்கள். அதற்கே அடைத்துக்கொண்டு தும்மினால் அன்று சோதனையை நிறுத்திவிடுங்கள். அது எதற்கும் எகிறும் மூக்கு. உச்ச வேகம் தொடக்கத்திலிருந்து 40 சதவீதம் குறைந்தால் அது மட்டுமே தெளிவான நேர்மறை; 20 சதவீதக் குறைவுக்கு அறிகுறி மதிப்பெண்ணும் கூடவே ஏற வேண்டும். வாய் வழி ஆன்டிஹிஸ்டமினை ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். கட்டுப்படாத ஆஸ்துமா, கர்ப்பம், கடும் ஒவ்வாமை அதிர்ச்சி வந்த வரலாறு இருந்தால் செய்யக் கூடாது. மருத்துவர் இல்லாத அறையிலும், அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமலும் இந்தச் சோதனையைத் தொடங்காதீர்கள். வீட்டில் ஒருபோதும் செய்து பார்க்காதீர்கள். முந்தைய தூண்டல் சவ்வை உசுப்பிவிட்டிருக்கும் என்பதால், இரண்டு சோதனைகளுக்கு இடையே சில வாரம் இடைவெளி விடுங்கள்.

மற்ற கருவிகள்

ரைனோமானோமெட்ரி, 150 பாஸ்கல் அழுத்தத்தில் மூக்கின் தடையை அளக்கும். நம்பகமானது, ஆனால் பயிற்சி பெற்ற கை வேண்டும், முழுதாக அடைத்த நாசியில் வேலை செய்யாது. மூக்கின் உட்பாதையின் குறுக்குப் பரப்பை ஒலியலையால் அளக்கும் ரைனோமெட்ரிக்கு ஆளின் முயற்சி தேவையில்லை. கருவியின் குழாய்முனை நாசியில் இடைவெளியின்றிப் பொருந்தாவிட்டால் எண் பொய். முன்பக்கம் குறுகலாக இருந்தால் அதற்குப் பின்னால் காட்டும் பரப்பையும் நம்ப முடியாது. மூக்கின் நைட்ரிக் ஆக்சைடை ஒவ்வாமை அளவுகோலாகப் பரிந்துரைக்க மாட்டோம். அழற்சி அதை ஏற்றும். ஆனால் அதில் பெரும்பங்கு சைனஸ்களிலிருந்து வருவது, வீக்கம் சைனஸ் வாயை அடைத்தால் அதே அழற்சி அளவை இறக்கிவிடும்.

எண்களை எழுதும்போது

தாளில் அளவுக்குப் பக்கத்தில் நேரம், கடைசி மருந்து, வந்த அளவு அல்லது எடை, எடுத்தவர் பெயர், ரத்தம் கலந்ததா என்பவை இருக்க வேண்டும். கருவி கண்டறிய முடியாத மாதிரிக்கு 0 என்று எழுதாதீர்கள். ‘எல்லைக்குக் கீழே’ என்று எழுதி எல்லையின் அளவையும் குறியுங்கள். மூக்குச் சுரப்பின் அளவுகள் ஆளுக்கு ஆள் பத்து, நூறு மடங்கு வேறுபடுபவை. சாதாரணச் சராசரி எடுத்தால் ஒரே ஒரு ஆள் மொத்தக் குழுவையும் இழுத்துவிடுவார். இடைநிலை அளவையோ, மடக்கை எடுத்த பின் சராசரியையோ பயன்படுத்துங்கள். ஒருவரின் முன், பின் மாதிரிகளை ஒரே எலைசா தட்டில் அடுத்தடுத்து வைத்து ஓட்டுங்கள். வெவ்வேறு நாளில் ஓட்டிய இரண்டு தட்டுகளுக்கு இடையே வரும் வித்தியாசம், சில நேரம் மருந்து உண்டாக்கும் வித்தியாசத்தைவிடப் பெரிது.